ஐந்தாவது ஈடு

மருத்துவமனையின் அடித்தளத்தில் ஆவியக்காவின் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனாலும் மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கீழே வரும் கருவிகளே சொல்லிவிடும். ரத்தம் பட்டு வந்தால் வேலை செய்த கருவி. பளபளவென்று திரும்பி வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த கருவி. உழைத்ததோ உழைக்காததோ, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தட்டில் அடுக்கித் துணியில் கட்டி, பீரோ அளவு இருக்கும் நீராவி இயந்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து ஈடு. பதினோரு வருடமாக அந்த ஆவியில் வெந்ததால்தான் அந்தப் பெயர். "கீழ ஆவியக்கா இருக்காங்களா பாரு" என்று ஊழியர்கள் கத்துவதைக் கேட்டு, நோயாளியோடு வந்த ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டதாக ஒரு கதை உண்டு.

அந்த வருடம் இயக்குநருக்குப் பசுமை பிடித்துக்கொண்டது. கட்டடத்துக்கு நாற்பது வயது. இடித்துக் கட்ட வழியில்லை, இருப்பதையே திருத்த வேண்டும் என்றார். முதலில் தாழ்வாரமெங்கும் பூந்தொட்டிகள் வந்தன. பிறகு ஆள் அசையாவிட்டால் தானே அணைந்துவிடும் விளக்குகள் வந்தன. கழிவறைக்குள் அலுவலகத்துப் பெரியவர்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இயக்குநர் படியிறங்கி வந்தார்.

"இந்த பில்டிங்லயே தண்ணியையும் கரண்டையும் அதிகமா குடிக்கிறது உங்க மெஷின்தான்."

"அது குடிக்கலேன்னா மேல ஒருத்தர் வயித்தையும் திறக்க முடியாது சார்."

"மூணு மாசம் டைம். நாலு ஈட்டுக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா கருவியெல்லாம் வெளிக் கம்பெனிக்குப் போயிடும். அங்க பெரிய மெஷின் இருக்கு, செலவு கம்மி. இந்த ரூமை மூடிடலாம்."

"இங்க இருக்கற நாலு பேரு?"

இயக்குநர் மூலையில் தொட்டி வைக்க இடமிருக்கிறதா என்று பார்த்தார்.

ஆவியக்காவின் நாத்தனார் தியேட்டர் நர்ஸ். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கருவிகளை எண்ணிச் சரிபார்ப்பவள். அதனால் கணக்குப்பிள்ளை என்று பெயர். அண்ணியும் நாத்தனாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. அன்று மாலை பார்த்திருக்கலாம். பேச்சு பெரிய சர்ஜனைப் பற்றி; குரலால் அவருக்கு இடி டாக்டர் என்று பெயர்.

"இடி டாக்டர் தட்டுல அறுபத்து மூணு கருவி போகுது. அழுக்காகித் திரும்பறது இருபத்தஞ்சைத் தாண்டினதில்ல. மிச்சமெல்லாம் லிஃப்டுல ஏறி எறங்குது, அவ்வளவுதான்" என்றாள் ஆவியக்கா. மகனின் பழைய நோட்டில் மாதக்கணக்காகக் குறித்து வைத்திருந்தாள்.

"அவர்கிட்ட யார் சொல்றது? போன மாசம் கத்தரிக்கோல் தப்பா குடுத்தேன்னு கத்தினதுல பக்கத்து தியேட்டர்ல மயக்கத்துல இருந்த ஆளே முழிச்சுட்டான்."

"சொல்ல வேணாம். வாரத்துக்கு அஞ்சாறா எடுப்போம்."

"அண்ணி! லிஸ்ட் என் கையில இருக்கு. மாட்டினா கம்பி எண்ணப் போறதும் நான்தான்."

"எடுத்ததைத் தனியா கட்டித் தியேட்டர் வாசல் அலமாரியில வச்சிடறேன். கேட்டா அரை நிமிஷத்துல குடுக்கலாம். உங்க அண்ணனைப் பதினஞ்சு வருஷமா சமாளிக்கறேன். இது என்ன பெரிசு?"

பட்டியல் ஒவ்வொரு வாரமும் மாறியது. தலைமை நர்ஸ் மட்டும் விஷயத்தை முழுசாகக் கேட்டார். அலமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆறு வாரத்தில் அறுபத்து மூன்று இருபத்தொன்பதாக இளைத்தது. அலமாரிப் பக்கம் ஒரு கையும் நீளவில்லை.

ஆனால் ஐந்தாவது ஈட்டில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. எலும்பு டாக்டரின் எழுபது கருவிகளும் இளைத்தால்தான் அது நிற்கும். அவரோ, "முதல்ல இடி குறைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

கெடு முடியும் நாளில் கூட்டம். ஆவியக்கா இடி டாக்டரின் தட்டைத் துணியோடு தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். இயக்குநர் கேட்டார்: "டாக்டர், கருவிகளைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

இடி இடித்தது. "அறுபத்து மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் கத்தியைத் தொட மாட்டேன்! இருபது வருஷ அனுபவம். தட்டைத் தூக்கினாலே ஒண்ணு குறையுதான்னு சொல்லிடுவேன்."

சொன்னதோடு நிற்காமல் தட்டைத் தூக்கினார். இதற்கு முன் அவர் தட்டைத் தூக்கியதே இல்லை. அது அவர் வேலையும் இல்லை.

"ம். சரியா இருக்கு. அறுபத்து மூணு."

கணக்குப்பிள்ளை கீழே குனிந்து இல்லாத பேனாவைத் தேடினாள். ஆவியக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கட்டைப் பிரித்தால் மனிதர் எல்லார் முன்னாலும் அசிங்கப்படுவார். அசிங்கப்பட்ட டாக்டர் அவள் அறையை அன்றைக்கே மூட வைப்பார். பிரிக்காவிட்டால் அடுத்த மாதம் அது தானாக மூடிக்கொள்ளும். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு துணியைப் பிரித்தாள்.

"இருபத்தொன்பது சார். ஆறு வாரமா இதை வச்சுத்தான் நூத்திப்பத்து ஆபரேஷன் முடிச்சிருக்கீங்க. உங்க கை அப்படி. வேற யாரா இருந்தாலும் எழுபதாவது கேப்பாங்க."

எழுபது என்றதும் எலும்பு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடி டாக்டரின் முகம் சிவந்தது, வெளுத்தது. கண்கள் தட்டிலிருந்து எலும்பு டாக்டரிடம் போயின. அங்கே ஒரு சிரிப்பு புறப்படத் தயாராக இருந்தது.

"ஆமாம்" என்றார் இடி டாக்டர். "நான்தான் குறைக்கச் சொன்னேன். இல்லையாம்மா?"

"நீங்கதான் சார்" என்றாள் ஆவியக்கா.

"கையில வேலை தெரிஞ்சவனுக்குக் கடை மாதிரி பரப்பி வைக்கணுமா என்ன?"

எலும்பு டாக்டரின் சிரிப்பு பாதியில் செத்தது. மறுநாள் காலை அவரிடமிருந்து கீழே ஒரு சீட்டு வந்தது: இனி முப்பது போதும். அந்த வாரமே ஐந்தாவது ஈடு நின்றது. வெளிக் கம்பெனிக்காரர்கள் அறையை அளக்க வந்து, அளக்காமல் திரும்பிப் போனார்கள். இயக்குநர் இரண்டு டாக்டர்களின் படத்தையும் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினார், இரண்டு தொட்டிகளுக்கு நடுவில்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படத்துக்குக் கீழே எண்ணிக்கையையும் போட்டுவிட்டார்கள். எலும்பு இருபத்தேழு என்றார். இடி இருபத்து நாலு என்றார். எலும்பு இருபத்து மூன்று. நேற்று இடி டாக்டரின் புதுச் சீட்டு வந்தது: இருபத்தொன்று.

ஆவியக்கா அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தையல் போடற ஊசியைப் பிடிக்கற கருவியவே அடிச்சிருக்காரு. வாயால தைப்பாரா?"

"இப்ப என்ன அண்ணி பண்றது?"

"உன் லிஸ்ட்ல எவ்வளவு?"

கணக்குப்பிள்ளை தயாராக எழுதி வந்திருந்த பட்டியலைப் பிரித்துக் காட்டினாள். இருபத்தொன்பது. கீழே தலைமை நர்ஸின் கையெழுத்து, கண்ணாடி போடாத கோணலில்.

ஆவியக்கா டாக்டர் அடித்த எட்டுக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டில் சேர்த்து, துணியை இறுக்கிக் கட்டி, முதல் ஈட்டில் வைத்தாள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்ததும் இடி டாக்டர் கையுறையைக் கழற்றியபடி தட்டைப் பெருமையாகப் பார்த்தாராம். "பார்த்தியா, இருபத்தொண்ணுலயே எவ்வளவு மிஞ்சுது! நாளைக்குப் பதினெட்டுனு சொல்லிடு."