ஒரு துண்டு லவ் கேக்

கொட்டாஞ்சேனை மண்டபத்தில், ஞானஸ்நான விருந்துக்கு வந்த அத்தனை பேரும் பார்க்க, பற்றிக் தன் மனைவி றோஸியின் கையிலிருந்த தட்டைப் பறித்தார். அதில் விரல் அகலத்தில் ஒரு துண்டு லவ் கேக் இருந்தது.

"சீனி வருத்தக்காரிக்கு இது தேவையா?"

றோஸி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி, முகத்துவாரத்திலிருந்த வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். அந்தத் துண்டுக்காகவே அவள் சோற்றைப் பாதியாகக் குறைத்திருந்தாள். அதை யார் கவனித்தார்கள்? ஒவ்வொரு விடியலும் இரத்தத்தில் சீனியின் அளவு பார்க்க அவள் விரலில் ஊசி குத்தும்போது, சோதனை மார்க் கேட்கும் அப்பாவைப்போல இவர் அறை வாசலில் வந்து நிற்பார். நம்பர் கூடியிருந்தால் அன்று முழுக்க வீடு செத்த வீடுதான்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பற்றிக் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ரோட்டில ஏனப்பா இந்த வேகம்?"

"சோத்தைக் குறைச்சுத்தான் அந்தத் துண்டை எடுத்தனான். கேட்டிருந்தா சொல்லியிருப்பன்." அவள் நடையை நிறுத்தவில்லை. "இன்னொண்டும் கேளுங்க. போன மாசம் முழுக்க நான் சொன்ன நம்பரெல்லாம் பொய்."

பற்றிக் அப்படியே நின்றுவிட்டார். "பொய்யா? ஏன்?"

"கூடினா உங்கட முகத்தைப் பாக்கப் பயம்."

ஒரு முச்சக்கர வண்டி அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது. பற்றிக் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"எங்கட அம்மாட காலை எடுத்தது இந்த வருத்தத்தாலதானே. எனக்குக் கோவமில்ல றோஸி. பயம்."

இத்தனை நாளும் தான் கோபமென்று நினைத்தது இதைத்தானா? அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப பயமெண்டு சொல்லுங்க. தட்டைப் பறிக்காதீங்க."

"ஓம்."

"நாளைக்கு நம்பர் கூடினாலும் உள்ளதைத்தான் சொல்லுவன்."

"சொல்லு. பின்னேரம் ரெண்டு பேருமா நடப்பம்."

சந்தியில் அவித்த கடலை வண்டி நின்றது. பற்றிக் ஒரு சுருள் வாங்கி, கொஞ்சம் தயங்கி, அவள் பக்கம் நீட்டினார்.

"சாப்பிடுறியா?"

அவர் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம்! றோஸி கொஞ்சமாக அள்ளிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. பற்றிக் திடுக்கிட்டதில் கடலை தெருவெல்லாம் சிதறியது. காகங்கள் இறங்கின. றோஸி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.