க்ளென் ட்ரம்ஸ்

லான்செஸ்டனில் நல்ல ட்ரம்மர்கள் மூன்று பேர் இருப்பதாக வடக்கு டாஸ்மேனிய இசை கௌரவிப்புக் குழு கண்டுபிடித்தது. அந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்பதை அது கண்டுபிடிக்கவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

என் பெயர் மிக். பகலில் பார்க்கிங் அபராதம் வாங்கும் கவுண்டர். வாரக் கடைசியில் பேஸ் கித்தார். எங்கள் இசைக்குழுவில் பாடகன் கெவ், ஒரு கித்தார்க்காரன், நான், பிறகு க்ளென் ட்ரம்ஸ். என் போனில் அவன் பெயர் அப்படித்தான் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் வேறொரு க்ளென் இருந்தான். அவன் ஒரு பல்மருத்துவ உதவியாளரோடு பெர்த்துக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை டயர் கடையிலிருந்து ஒரு குள்ளமான ஆள் வந்து உட்கார்ந்து வாசித்தான். நிகழ்ச்சி முடிவில் கெவ் பழக்கதோஷத்தில், "ட்ரம்ஸில்... க்ளென்!" என்று மைக்கில் கத்தினான். புது ஆள் குச்சியைத் தூக்கிக் காட்டினான். இவன் பெயரும் க்ளென்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வசதியாகப் போயிற்று. போனில் எண்ணை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

அவன் வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெவ் மூன்றாவது பீருக்குப் பிறகு பாட்டை இழுத்துக்கொண்டு ஓடுவான். க்ளென் அவனை அதட்டாமல், நாலே அடியில், ஓடியதே தெரியாதபடி திரும்பக் கூட்டி வருவான். கெவ் இரண்டாம் சரணத்தை மறந்தால், அந்த வெற்றிடத்தில் க்ளென் ஏதோ ஒன்றைச் செய்வான். 'அந்த இடத்துல நீங்க பாடாம விட்டீங்களே, பிரமாதம்' என்று ஆட்கள் வந்து கெவ்வின் கையைப் பிடிப்பார்கள். பெவ் என்கிற பெண்ணின் கன்ட்ரி இசைக் குழுவிலும் அவன்தான் வாசித்தான். அங்கே குச்சிக்குப் பதில் கம்பித் தூரிகை. தூங்கும் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்வது போல வாசிப்பான். ஐந்தடி உயரம் என்பதால் அங்கே அவனுக்குப் பெயர் லாஃப்டி. நெட்டை என்று அர்த்தம். இது தவிர ஒரு கல்யாணக் குழு. அதன் மேனேஜர் இரைச்சலில் போனில் பெயரைக் கேட்டு 'லெஸ்லி ஹார்ட்' என்று எழுதிக்கொண்டார்.

கௌரவிப்புக் குழுவின் தலைவர் ராட்னி பிளான்சார்ட். முப்பது வருடம் ரேடியோவில் காலை ஆறு மணிக்கு வானிலை சொன்னவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு தொப்பி வாங்கினார். விசிட்டிங் கார்டில் 'இசைத் தூதர்' என்று அச்சடித்துக்கொண்டார். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குத் தூதர் என்று யாரும் கேட்கவில்லை. அவர்தான் அந்த வருடம் முதல் முறையாகச் சிறந்த ட்ரம்மர் விருதை அறிவித்தார். பரிசு கேடயம் இல்லை. பிப்ரவரியில் பூங்காவில் நடக்கும் விழாவுக்கு மெல்போர்னிலிருந்து பிரபல பாடகி கோரல் டெவனி வருகிறாள்; அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கும் இடம்.

இந்தச் செய்தி வந்த அன்று க்ளென் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். ட்ரம்ஸுக்கு அடியில் விரிக்கிற பழைய கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே பேசினான். பதினோரு வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன மிக நீளமான பேச்சு அது.

"மிக், அந்த சீட்ல ஒரு தடவ உக்காரணும்டா."

"உக்காருவடா. உன்ன விட்டா வேற யாரு இருக்கா?"

"அதுக்கில்ல. இப்பல்லாம் வாசிச்சா வெரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் மரத்துப் போகுது. டாக்டர் ஆபரேஷன்கிறான். முடிஞ்சப்புறம் குச்சி புடிக்க வருமான்னு கேட்டா, பாக்கலாம்கிறான்."

"வலிக்குதா?"

"வலிச்சா தேவலையே. ஒண்ணுமே தெரியல."

நான் அவனுக்குக் கண்டிப்பாக ஓட்டுப் போடுவதாகச் சொன்னேன். பரிந்துரைப் படிவத்தையும் நானே நிரப்பினேன். முழுப் பெயர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு போனைப் பார்த்து 'க்ளென் ட்ரம்ஸ்' என்று எழுதினேன். பெவ் 'லாஃப்டி' என்று எழுதினாள். கல்யாண மேனேஜர் 'லெஸ்லி ஹார்ட்'. அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி: ஒரே ஆளை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் பரிந்துரைத்தால் அந்தக் குழுக்கள் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் நீக்கப்படும். அதை நான் படித்தது பின்னால்தான்.

விருது விழா ஒரு ஞாயிறு மதியம், ஆற்றங்கரை பப்பில். ஓட்டுப்பெட்டியும், பப்பில் வாராவாரம் இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கும் குலுக்கலின் பெட்டியும் ஒன்றுதான். அதனால் முதலில் ஓட்டுகளையும் ஆட்டுத்தொடைச் சீட்டுகளையும் பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு குழுவும் ஒரு பாட்டு. முதலில் நாங்கள். முடித்து இறங்கினோம். ராட்னி மைக்கைப் பிடித்தார்.

"ட்ரம்மர்கள் மாறிக்க ரெண்டு நிமிஷம் குடுப்போம் நண்பர்களே! சாமானெல்லாம் மாத்தணும்ல!"

க்ளென் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்தான். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினான். பெவ் ஏறி வந்து பாடினாள். மறுபடி ராட்னி இரண்டு நிமிடம் கொடுத்தார். க்ளென் தொப்பியைக் கழற்றினான். கல்யாணக் குழு வாசித்தது. நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர்களைத்தான்.

நாலாவதாக வந்தவர் வாரிக் ஹெய்ன்ஸ். பல் சீரமைப்பு மருத்துவர். அவருடைய ட்ரம்ஸ் செட்டில் பதினோரு ட்ரம், ஒன்பது சிம்பல், நடுவில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. அவற்றை மேடையேற்ற அவருடைய கிளினிக்கின் வரவேற்பாளரும் உதவியாளரும் வந்திருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரு முறையாவது தொட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் வாயில் கம்பி போட்டவர்கள் அல்லது அவர்களைப் பெற்றவர்கள்.

ராட்னி நடுவர் குறிப்பை வாசித்தார். "க்ளென் ட்ரம்ஸ்கிட்ட வேகம் இருக்கு. ஆனா அடக்கம் பத்தல. அத அவரு லாஃப்டிகிட்டேர்ந்து கத்துக்கணும். லாஃப்டிக்கு மென்மை இருக்கு, தெம்பு இல்ல. லெஸ்லி ஹார்ட் பாத்து கத்துக்கட்டும். லெஸ்லி நல்ல வாசிப்புதான். கொஞ்சம் சொந்த முத்திரை வேணும்." தாளைத் திருப்பினார். "இந்தச் சின்ன ஊருல இத்தன ட்ரம்மர்களான்னு எனக்கு மெய்சிலிர்க்குது."

ஓட்டுகளை ஒளிவுமறைவின்றி அறிவித்தார். க்ளென் ட்ரம்ஸ் முப்பத்தொன்று. லாஃப்டி இருபத்தெட்டு. லெஸ்லி ஹார்ட் இருபத்தாறு. டாக்டர் வாரிக் ஹெய்ன்ஸ் முப்பத்தைந்து.

என் பக்கத்தில் பெவ் மெல்ல, "டேய் மிக், மூணும் நம்ம ஆளுதானே?" என்றாள்.

"ஆமா."

"எந்திரிச்சு சொல்லேன்."

"நீ சொல்லு."

அப்போதுதான் இருவரும் மேஜையில் கிடந்த பரிந்துரைப் படிவத்தில் அந்தப் பொடி எழுத்தைப் படித்தோம். அவள் அந்த வருடச் சிறந்த கன்ட்ரி குரல். நாங்கள் நீண்டகாலச் சேவை. இரண்டும் சட்டமிட்ட சான்றிதழ்கள், மேஜையில் தயாராக இருந்தன. பெவ் தன் கோப்பையில் ஏதோ விழுந்ததுபோல அதையே பார்த்தாள். நான் என் ஷூ நாடாவைக் கட்டினேன். கெவ் மேடையேறி எங்கள் சான்றிதழை வாங்கும்போது பின்னணியில் ஒரு ட்ரம் உருட்டல் தேவைப்பட்டது. க்ளென் வாசித்துக் கொடுத்தான். டாக்டருக்கும் அவன்தான் வாசித்தான்.

வெளியே வேனில் மறுபடி கம்பளத்தைச் சுருட்டினான்.

"நீயாவது எந்திரிச்சு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். கேட்கும்போதே அசிங்கமாகத்தான் இருந்தது. கேட்டுவிட்டேன்.

"எந்தப் பேர்ல எந்திரிக்கிறது?"

"க்ளென்னுதான்."

"எம் பேரு க்ளென் இல்லடா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. டயரில் காற்று குறைவு என்று சொல்வதுபோல் சொன்னான். லிண்ட்சே ஹார்ட்டில். அதுதான் தன் பெயர் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னான். "அன்னிக்கு கெவ் கத்துனான். திருத்துனா சங்கடப்படுவானேன்னு விட்டுட்டேன். அப்புறம் நேரம் போயிருச்சு."

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அங்கேயே போனை எடுத்து 'க்ளென் ட்ரம்ஸ்' என்பதை அழித்தேன். 'லிண்ட்சே ஹார்ட்டில்' என்று போட்டேன். அவனிடம் காட்டினேன். பார்த்து, "ம், சரியா இருக்கு," என்றான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் ஒரு நல்ல மனிதனாக உணர்ந்தேன்.

பிப்ரவரியில், பூங்கா விழா நாள் மதியம் ஒன்றரைக்கு, அபராதக் கவுண்டரில் இருக்கும்போது ராட்னி கூப்பிட்டார். குரலில் தூதர் இல்லை.

"மிக், டாக்டர் ஒத்திகையில முதல் பாட்டத் தாண்டல. அந்தப் பொண்ணு ஒரே வார்த்த சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா. அந்த வார்த்தைய நான் ரேடியோவுல சொல்ல முடியாது. ஒங்க க்ளென் ட்ரம்ஸ் இருக்காருல்ல? அவரு வருவாரா? நாலு மணிக்குள்ள வேணும். இல்லாட்டி ட்ரம்ஸ மெஷின்ல போட்ருவாங்க."

"வருவான். இப்பவே கூப்பிடுறேன்," என்றேன்.

போனில் க்ளென் என்று தேடினேன். இல்லை. ட்ரம்ஸ் என்று தேடினேன். இல்லை. பெயரை மாற்றியது ஞாபகம் வந்தது; என்ன பெயர் என்பது வரவில்லை. லெஸ்லி என்று போட்டேன். ஹார்ட் என்று போட்டிருந்தால் வந்திருக்கும். அது அந்த மேனேஜரின் தப்பு, அதைப் போடக்கூடாது என்று நினைத்தேன். நானூறு பெயர்களையும் தள்ளிப் பார்த்தேன். லிண்ட்சே என்ற பெயர் மேலே போனது. என் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த பெண் என்று விட்டுவிட்டேன். எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் அவன் இல்லை. ட்ரம்மரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெவ்வும் கித்தார்க்காரனும் மேற்கே சுரங்க வேலையில், நிலத்துக்குக் கீழே.

டயர் கடைக்குக் கூப்பிட்டேன்.

"க்ளெனா? இங்க க்ளென்னு யாரும் இல்லப்பா."

"குள்ளமா இருப்பான். ட்ரம்ஸ் வாசிப்பான்."

"குள்ளமா ரெண்டு பேரு இருக்கானுங்க. ட்ரம்ஸெல்லாம் ஒருத்தனும் வாசிக்கமாட்டானே." அங்கே யாரையோ கூப்பிட்டுக் கேட்டான். "டேய், ஒங்கள்ல யாராச்சும் க்ளெனா?" பின்னால் காற்றடிக்கும் மெஷின் சத்தம். "இல்லயாம்."

கவுண்டரில் ஆறு பேர் வரிசையில். என் மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அடுத்த தெருவில்தான் டயர் கடை; ஓடியிருக்கலாம். ஆனால் அவன் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்களே. பெவ்வைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை போனைத் தொடமாட்டாள். நாலு இருபதுக்குத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"க்ளென் நம்பரா? யாருடா க்ளென்?"

"உன் ட்ரம்மர், பெவ்!"

"ஓ, லாஃப்டியா! அப்டி சொல்லு."

எண்ணைச் சொன்னாள். அதை அழுத்தியதும் திரையில் பெயர் வந்தது: லிண்ட்சே ஹார்ட்டில். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அழைக்காமல் முதலில் ராட்னியைக் கூப்பிட்டேன்.

"மெஷின் போட்டாச்சு மிக். நல்லாத்தான் இருக்கு. நடுவுல எந்திரிச்சுத் தண்ணி கேக்காது."

பூங்காப் பக்கமிருந்து ஒத்திகைச் சத்தம் கவுண்டர்வரை கேட்டது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடி போலவே இருந்தது. நான் லிண்ட்சேயின் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு, பேஸ்."

அவன் போனில் என் பெயர் அப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன். "செவ்வாக்கிழம ஒத்திகை இருக்கா?"

"கெவ் வந்தாத்தான். மத்தியானம் யாரோ கடைக்கு போன் பண்ணி க்ளென்ன கேட்டாங்களாம்."

"அப்படியா?"

"நான் வண்டிக்கு அடியில இருந்தேன். கேட்டுச்சு. அது நாந்தான்னு எனக்கே தோணல."

"யாரா இருக்கும்?"

"தெரியல. வேணும்னா மறுபடி கூப்பிடுவாங்க," என்றான். காற்றடிக்கும் மெஷின் மறுபடி ஓடியது.