யானைக் கதையில் ஒரு குட்டி

போன வருஷம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு காதல் கல்யாணத்தை வைத்துக் கலவரம் நடந்தது. ஓடிப்போன ஜோடிக்கு ஒரு நாள் இடம் கொடுத்தாள் என்று, எதிர்வீட்டுத் தையல்காரி லூர்து மேரியின் வீட்டுக்குள் ஏழு பேர் புகுந்தார்கள். எல்லோரும் முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். கடைசியாக நுழைந்தவன் என் மகன் பூவரசன். முகத்தை மறைத்தால் பெற்றவனுக்கு நடை தெரியாதா?

போலீஸ் விசாரித்தபோது, தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். சம்பவம் நடந்தது பகல் பதினொரு மணிக்கு. ஆனாலும் தமிழ் வாத்தியார் சொன்னால் நம்புகிறார்கள்.

மனசு கேட்கவில்லை. அதனால் ஒரு கதை எழுதி இலக்கியப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன், அச்சில் வந்தது. ஏழு யானைகள் ஊருக்குள் இறங்கி ஒரு வீட்டை மிதிக்கின்றன. ஆறு பெரியவை, ஒன்று குட்டி. குட்டி ஒன்றும் தெரியாமல் பின்னால் வந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் ஊருக்கு யானை வந்ததே கிடையாது. இருந்தாலும் சேலத்தில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் உருவகம் பிரமாதம் என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்டவன்.

அந்தப் பத்திரிகையை ஊரில் யாரும் வாங்குவதில்லை என்ற தைரியம். லூர்து மேரியின் மகள் ஆக்சிலியா சேலத்தில் படிக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன். கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்து மேரி பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டு கட்டியிருந்ததால் ஒருத்தர் பேரையும் சொல்ல முடியவில்லை, கேஸ் அப்படியே கிடக்கிறது என்றாள்.

“ஏழு பேருன்னு சரியா எழுதியிருக்கீங்க சார். அப்ப நீங்க பாத்திருக்கீங்க.”

பத்திரிகையைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

“ஆனா அந்தக் குட்டி வாசல்ல நிக்கலைங்க. என் தையல் மிஷினைத் தூக்கிப் போட்டு ஒடைச்சதே கடைசியா உள்ள வந்த அந்தச் சின்னவன்தான். நான் கட்டிலுக்கு அடியில இருந்து பாத்தேன். அவன் யாருங்க?”

பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அந்த மிஷினில்தான் தைத்தது. பூவரசனின் முதல் பள்ளிச் சீருடையும் அதில்தான்.

“என் பையன்” என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. “இதை ஸ்டேஷன்ல சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. என் மனைவி சுகுணா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன்.