சேமியாவுக்கு வைத்த பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் படைக்காமல் உச்சிமாகாளி ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை. பிறந்த ஊர் இடைசெவலில் தொழு நிறைய மாடு நின்றது, படைத்தாள். வாக்கப்பட்டு வந்த கோவில்பட்டி வரிசை வீட்டில் மனுசன் நிற்கவே இடம் கிடையாது, மாட்டுக்கு எங்கே போவது? வருசா வருசம் இலையைத் தூக்கிக்கொண்டு பால்காரர் தொழுவைத் தேடி நடப்பாள். "அந்த மாட்டுக்கு இது எத்தனாவது எலையோ!" என்று புருசன் கொம்பையா கேலி பண்ணுவான். பஞ்சாலையில் வேலை பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது.

அந்த வருசம் அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ரசூல் பீவி, காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோது, மகள் அப்சானாவின் முயலை இவளிடம்தான் விட்டுவிட்டுப் போனாள். வெள்ளை வெளேர் என்றிருக்கும் அந்த முயலுக்குப் பெயர் சேமியா. கூண்டைக் கையில் கொடுக்கும்போது அப்சானா டீச்சர் மாதிரி விரலை ஆட்டிச் சொன்னாள்.

"அத்தை, புல்லு மட்டுந்தான். காஞ்ச அறுகம்புல்லும் தண்ணியும். வேற எதையும் குடுத்துராதீங்க."

"நான் மாட்டோட வளந்தவட்டி. எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?" என்று சிரித்தாள் உச்சிமாகாளி.

அங்கேதான் கோளாறு. மாட்டைத் தெரிந்தவளுக்கு முயலும் தெரியும் என்று யார் சொன்னது?

மாட்டுப் பொங்கலன்று காலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து, தலையில் அறுகம்புல் செருகி வைத்துவிட்டுத் திரும்பியவள், கூண்டுக்குள் சேமியா காய்ந்த புல்லை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக, நம்மை நம்பி வந்த வாயில்லாச் சீவனுக்கு வெறும் புல்லா? கொம்பு இல்லாததால் இரண்டு காதுக்கும் நடுவே குங்குமம் வைத்தாள். கழுத்தில் கொஞ்சம் பூச் சுற்றினாள். குளிப்பாட்டாமல் விட்டாளே, அந்த மட்டுக்கும் புண்ணியம். நுனி இலையில் சர்க்கரைப் பொங்கல், உரித்த பழம், நறுக்கிய கரும்பு எல்லாம் வைத்து "பொங்கலோ பொங்கல்!" என்று சத்தம் கொடுத்தாள்.

"மாடு காத ஆட்டுது பாருட்டி" என்றான் கொம்பையா.

சேமியா மோந்து பார்த்தது. பொங்கலை ஒரு நக்கு நக்கியது. அப்புறம் அதை நிறுத்த முடியவில்லை. பழம் மொத்தமும் போயிற்று. கரும்பைக் கடித்துச் சாறு ஒழுக மென்றது. அது அத்தனை ஆசையாகத் தின்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அதன் பிறகே தனக்கு இலை போட்டாள்.

சாயங்காலம் கூண்டைத் திறந்தபோது சேமியா மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. புல்லை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிற்றைத் தொட்டாள், மேளத்தோல் மாதிரி விறைத்திருந்தது. கூண்டுக்கு அடியில் விரித்திருந்த சாக்கில் காலையிலிருந்து ஒரு புழுக்கைகூட விழவில்லை.

மாட்டுக்கு வயிறு உப்பினால் கத்தும், காலை உதைக்கும், ஊரைக் கூட்டிவிடும். இது ஒரு சத்தமும் போடவில்லை. அவ்வளவு வலியையும் அந்தக் கையளவு உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கும்பிடுகிற நாளில் கும்பிட்ட சீவனையே தன் கையால் கொன்றுவிட்டோமா? அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

"நான் கொன்னுட்டேங்க" என்று கேவினாள். கொம்பையாவுக்கு அதற்குமேல் கேலி வரவில்லை. ஓலைப்பெட்டியில் துண்டை விரித்து முயலை வைத்து அவள் மடியில் ஏந்திக்கொள்ள, அவன் சைக்கிளை மிதித்தான். மாட்டாஸ்பத்திரிக்கு லீவு. டாக்டர் சண்முகராஜின் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வெளியே வந்தார். "என்ன குடுத்தீய?"

"பொங்கல் சார். பழம்… கரும்பு."

"முறுக்கு குடுக்கலையாக்கும்?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப்பைச் சேமியாவின் வயிற்றில் வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி உச்சிமாகாளியின் காதில் மாட்டிவிட்டார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே சார்."

"அதாம்மா சீக்கு. இது வயிறு ஓயாம ஓடிக்கிட்டே இருக்கணும். இப்ப நின்னு போயிருக்கு. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல இருக்கு. அதுகதான் புல்லைச் செரிக்க வைக்கும். பழகாத இனிப்பத் திடீர்னு கொட்டுனா நல்ல கிருமி குறைஞ்சு கெட்டது பெருகிரும்."

ஊசி போட்டார். சொட்டு மருந்து ஊற்றினார். காய்ந்த புல்லும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், கதகதப்பாக வைத்து வயிற்றைப் பையத் தடவிக் கொடுங்கள் என்றார். "புழுக்கை போட்டுச்சுன்னா பொழச்சுக்கிடும்."

"போடலன்னா?"

"விடிஞ்சதும் தூக்கிட்டு வாங்க" என்று முயலைப் பார்த்தபடியே சொன்னார்.

வீட்டுக்கு வந்து மடியில் போட்டுத் தடவத் தொடங்கியவள் எழுந்திருக்கவே இல்லை. "நீயாவது ரெண்டு வாய் தின்னுட்டி" என்றான் கொம்பையா. "அது திங்காம எனக்கு எறங்காதுங்க" என்றாள். டாக்டர் சொன்னதே அவள் மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. கோடிக்கணக்கிலாம். கோவில்பட்டியில்கூட அத்தனை உயிர் கிடையாது. ஒரு கைக்குள் அடங்குகிற வயிற்றில் இவ்வளவு பெரிய ஊரைக் குடிவைத்தவன் யார்? தான் ஒரு வாய்க்குத்தான் ஊட்டியதாக நினைத்தாள். ஊட்டியதோ ஒரு ஊருக்கு. அதுவும் அந்த ஊர் கேட்காததை. நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை அடங்கி, கோயிலில் நடை திறக்கக் காத்து நிற்கும்போது வருகிற பயமும் பணிவும் வந்தது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் குனிந்து அதன் வயிற்றில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. வைத்த காதை எடுக்கவில்லை. பொங்கல் பானையில் தண்ணீர் சூடேறும்போது அடியில் லேசாக ஒரு முனகல் கிளம்புமே, அப்படி ஒன்று எங்கோ ஆழத்தில் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. தன் மூச்சுச் சத்தம் அதைக் கெடுத்துவிடுமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சேமியா மடியை விட்டு இறங்கி, சாக்கின் மேல் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு புழுக்கை விழுந்தது.

மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். காலமெல்லாம் கூடை கூடையாகச் சாணி அள்ளிய கை அது. இந்த ஒரு புழுக்கையைக் கீழே போட அதற்கு மனசு வரவில்லை.

"ஏங்க, போட்டுட்டு! போட்டுட்டுங்க!"

கொம்பையா எழுந்து ஓடி வந்த நேரத்தில், சேமியா குனிந்து தன் பின்பக்கத்திலிருந்து மெத்தென்று எதையோ வாயால் எடுத்து விழுங்கியது. சீக்கில் அதற்குப் புத்தி பேதலித்துப் போயிற்றா? கொம்பையா தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடி டாக்டருக்கு போன் போட்டுவிட்டு, வாய் பிளந்தபடி திரும்பி வந்தான்.

"நல்ல சேதியாம்ட்டி! அது சாப்பாடாம். மாடு வாயில அசை போடுதுல்லா, இது அப்படி அசை போடுதாம். மொத தடவ எடுக்காத சத்த ரெண்டாம் தடவ எடுத்துக்கிடுமாம்."

உச்சிமாகாளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தொழுவில் பிறந்து வளர்ந்தவள், இப்படி ஒரு அசையைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சேமியா ஒரு புல்லை இழுத்துக் கறுக் கறுக்கென்று மென்றது. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு, அவள் பழைய பொங்கலை நின்றவாக்கில் அள்ளித் தின்றாள்.

அன்று சாயங்காலமே ரசூல் பீவி குடும்பம் வந்து இறங்கியது. அப்சானா ஓடி வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே உச்சிமாகாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பொங்கல், பழம், கரும்பு, ஆஸ்பத்திரி லீவு, ஒன்று விடவில்லை.

"விடுங்க மதினி, ஆசையிலதான குடுத்தீய" என்றாள் ரசூல் பீவி. அப்சானா விறுவிறுவென்று கூண்டைத் திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சேமியாவைத் தூக்கி மார்போடு அணைத்தாள். அப்போது ஜன்னல் திட்டில் இருந்த இலைத்துண்டு அவள் கண்ணில் பட்டது. அதன்மேல் ஒரு புழுக்கை. புழுக்கை உச்சியில் ஒரு துளி அறுகம்புல் நட்டிருந்தது.

"இதென்ன அத்தை?"

"பிள்ளையார்ட்டி."

அப்சானா பிள்ளையாரைப் பார்த்தாள். அத்தையையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கும் பொங்கல் வச்சீங்களா?"

"இல்லம்மா" என்றாள் உச்சிமாகாளி. "புல்லு மட்டுந்தான்."