இரும்பு தெரிய வேண்டும்

என் மகளின் தலையில் விழுந்தது கூரைப் பூச்சில் ஒரு சில்லுதான். உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்கே மண்டை பிளந்து, சட்டை முழுக்க ரத்தமாகி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போட்ட நர்ஸ், "எங்கம்மா விழுந்தா?" என்று கேட்டாள். "அவ எங்கயும் விழல. பள்ளிக்கூடம்தான் அவ மேல விழுந்துச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது.

மறுவாரம் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். பொம்மை மாதிரி ஒரு சுத்தியல் வைத்திருப்பார். அதனால் எங்கள் பக்கத்தில் அவருக்குச் சுத்தியல் என்றே பெயர். வராந்தாவில் இருந்த தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கடைசியில் "இரண்டாம் வகை" என்று எழுதினார். முதல் வகை என்றால் இடித்துவிட்டு அரசாங்கச் செலவில் புதுக் கட்டடம். இரண்டாம் வகை என்றால் சுண்ணாம்பும் கதவுத் தாழ்ப்பாளும்.

"கூரை கொட்டுதுங்க. என் பொண்ணு தலையைப் பாத்தீங்களா?" என்று மறித்தேன்.

"கூரை கணக்குல வராதும்மா. தூண்தான் கணக்கு. தூண் வெடிச்சு, உள்ள இருக்கற இரும்பு வெளிய தெரியணும். அப்பதான் முதல் வகை. விதி அப்படி இருக்கு, நான் என்ன பண்றது? பட்டியலை முடிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வருவேன். அதுக்குள்ள இரும்பு தெரிஞ்சா சொல்லுங்க."

கெட்டவர் இல்லை அவர். 'நான் என்ன பண்றது' என்று நிஜமாகவே கேட்டார். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

என் அண்ணன் கறிக்கடை வைத்திருக்கிறான். பள்ளியின் பெற்றோர் குழுவுக்கும் அவன்தான் தலைவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இரும்பு தெரியணும், அவ்வளவுதானே? தோலை உரிச்சா எலும்பு தெரியாமலா போயிடும்? நான் பாக்காத எலும்பா?" என்றான். கூடவே வளர்ந்த கொத்தனார் ஒருவனிடம் சொல்லிவைத்தான். எதையும் நிதானமாகச் செய்பவன் என்பதால் அவனுக்கு ஆமை என்று பெயர்.

குறுக்கே நின்றது என் வீட்டுக்காரர். அந்தப் பள்ளிக்கு அவர்தான் இரவுக் காவல்காரர்.

"முதல் வகைன்னு எழுதினா அன்னிக்கே பூட்டி சீல் வெச்சிடுவாங்க. பூட்டின கட்டடத்துக்குக் காவல்காரன் எதுக்கு? வேலை கட்டடத்தோட போயிடும். புதுசு கட்டி முடிக்கற வரைக்கும் உங்க அண்ணனா சோறு போடுவாரு?"

"பொண்ணு தலை பெருசா, உங்க வேலை பெருசா?"

அவர் காவல் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலை இல்லாமல் அலைந்த காலத்தில் அவர் எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால் நானும் அதற்கு மேல் குத்தவில்லை. ஆனால் பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு காலையில், இரவுக் காவல் முடிந்து அவர் அசந்து தூங்கும்போது, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அண்ணனும் ஆமையும் வாசலில் காத்திருந்தார்கள். ஆமை ஒரு மூட்டையில் உளி, சம்மட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தான். உள்ளே போனதும் தூணைச் சுற்றி வந்து, "முட்டுக் கொடுத்துட்டு ஆரம்பிக்கலாம். ரெண்டு மரக்கட்டை வேணும்" என்றான்.

"மேல் தோலை உரிக்கறதுக்கு எதுக்குடா முட்டு? நீ முட்டுக் கொடுக்கறதுக்குள்ள இவ பேரப்பிள்ளை எடுத்துடுவா. அடிடா" என்றான் அண்ணன்.

ஆமை உளியை வைத்து அடித்தான். பூச்சு பொருபொருவென்று கொட்டியது. விரல் ஆழம் போனான். இரும்பு வரவில்லை. "இன்னும் உள்ள இருக்கும்" என்று முனகிக்கொண்டு, தூணைச் சுற்றி நாலு பக்கமும் தோண்டினான். அதற்குள் வெளிக்கதவு தடாலென்று சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கையில் காவல் தடி.

"மச்சான், வெளிய போங்க."

"மாப்பிள்ளை, நீ போய்த் தூங்கு. இது பெத்தவங்க விஷயம்."

"நான் பெக்கலியா? நீங்களா பெத்தீங்க?"

"பெத்தவன் மாதிரியா இருக்க நீ? புள்ளை மண்டை ஒடஞ்சு கெடக்குது, சுவத்துக்குக் காவல் காக்கற."

தடி இறங்கியது. அண்ணனின் தோள்பட்டையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஈர மூட்டையைத் தரையில் போட்டால் வரும் சத்தம். அண்ணன் ஒரு நொடி குனிந்தான். நிமிரும்போது தலையால் அவர் முகத்தில் முட்டினான். மூக்கு உடைந்து வாய்வழியே ரத்தம் ஊற்றியது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். பத்து வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அண்ணன் அவர் கழுத்தை முழங்கையால் நெருக்கினான். அவர் அண்ணனின் காதைக் கடித்தார். நான் நடுவில் பாய்ந்து யார் தலைமுடி என்று தெரியாமல் பிடித்து இழுத்தேன். யாருடைய உதையோ என் வயிற்றில் விழுந்து நானும் சுருண்டேன்.

"நிறுத்துங்க" என்றான் ஆமை.

அவன் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. அப்போதும் சத்தம் போடவில்லை. உளியைக் கீழே போட்டுவிட்டு, சுண்ணாம்பு படிந்த கையைத் தூணுக்குள் மணிக்கட்டு வரைக்கும் விட்டிருந்தான்.

"இரும்பு இல்ல."

"இன்னும் தோண்டுடா" என்றான் அண்ணன், மாப்பிள்ளையின் கழுத்தை விடாமலே.

"தோண்டறதுக்கு எதுவுமில்ல. நடு வரைக்கும் வந்துட்டேன். வெறும் ஒடஞ்ச செங்கல்லும் மணலும்தான். ஒரு கம்பி கூடப் போடல."

அண்ணன் கையை எடுத்தான். இரண்டு பேரும் எழுந்து தூணருகே வந்தார்கள். என் வீட்டுக்காரர் கையை உள்ளே விட்டுத் துழாவினார். மணல் அவர் முழங்கை வழியே ஓடையாக வழிந்தது. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்று எவனோ அள்ளித் தின்றிருக்கிறான். கம்பிக்குக் கொடுத்த காசு அவன் வீட்டு மாடியாக எங்கோ நின்றுகொண்டிருக்கும். அதன் மேல் சில்லு எதுவும் விழுந்திருக்காது.

"இதுல சாஞ்சுதான் ராத்திரி பூரா உக்காந்திருப்பேன்" என்றார் என் வீட்டுக்காரர். யாரிடமும் சொல்லவில்லை, தூணிடம் சொன்னார். "எம் பொண்ணு இதுக்குப் பின்னாடிதான் படிக்குது."

பிறகு சம்மட்டியை எடுத்தார். அடுத்த தூணில் ஓங்கி ஒரு அடி. உடைந்து கொட்டியதும் உள்ளே பார்த்தார். "இதுலயும் இல்ல" என்றார். அதற்கடுத்த தூணுக்குப் போனார். ஆமை, "ஐயோ, முட்டு இல்ல, வேணாம்!" என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினான். அண்ணன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவர் சம்மட்டிப் பிடியை அப்படியே பின்னால் குத்தினார். அண்ணனின் விலா எலும்பு முறிந்தது. ஆமை அவனையும் என்னையும் முற்றத்துக்கு இழுத்துப் போட்டான். "இதுலயும் இல்ல மச்சான்! இதுலயும் இல்ல!" மூக்கு ரத்தமும் சுண்ணாம்பும் அப்பிய அந்த முகத்தை என்னால் என் புருஷன் முகம் என்று நினைக்க முடியவில்லை. "ஏங்க, வந்துடுங்க! புள்ளைக்கு அப்பா வேணுங்க!" என்று அலறினேன். திரும்பிப் பார்த்தார். கேட்டது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் சம்மட்டியை இறக்கினார்.

அதற்குள் வராந்தாக் கூரை நடுவில் தொய்ந்துவிட்டது. பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். முதலில் கேட்டது மணல் கொட்டும் சத்தம்தான். அதற்கப்புறம்தான் எல்லாம் ஒன்றாக இறங்கியது. இரண்டாவது அறையின் கூரையையும் இழுத்துக்கொண்டு, என் மகள் உட்காரும் பெஞ்சின் மேலும் அவர் மேலும் விழுந்தது.

அண்ணன் உடைந்த விலாவோடு கையால் தோண்டினான். நகங்கள் பிய்ந்து தொங்கின. ஆமையும் நானும் கற்களைத் தூக்கி வீசினோம். தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவரை வெளியே இழுத்தபோது நெஞ்சு தட்டையாகியிருந்தது. வாயில் மணல். நான் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தேன், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மூச்சு மட்டும் வரவில்லை.

சாயங்காலம் சுத்தியல் வந்தார், ஒரு போலீஸ்காரரோடு. இடிபாட்டின் மேல் ஏறி நின்று பார்த்தார். உளி பட்ட இடம் ஒன்றைத் தொட்டார். முகம் தெளிந்தது. நல்லாயிருக்கிறது என்று அவர் எழுதிய கட்டடம் தானாக விழுந்திருந்தால் அவர் கழுத்துக்கு வரும். யாராவது இடித்திருந்தால் வராது.

"இது விழல. இடிச்சிருக்காங்க. இடிச்ச கட்டடத்துக்கு நிதி கிடையாது, விதியில இடமில்ல. இடிச்சவங்க மேல கேசும் வரும். யாரு இடிச்சது?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இரும்பைத் திருடியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. என்னைச் சுற்றிப் பெற்றவர்கள் நின்றார்கள், ஆளுக்கொரு உடைந்த செங்கல்லோடு. அதுவரைக்கும் இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தவர்கள், கையில் இருந்த கல்லைக் கீழே போட மறந்திருந்தார்கள். அண்ணன் அழுதுகொண்டே முன்னால் வந்தான். "ஐயா, நான்தான்..." என்று ஆரம்பித்தான்.

அவன் வாயில் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. அண்ணனை நான் அடித்தது அதுதான் முதல் தடவை. அவன் இடிச்சபுளி மாதிரி அப்படியே நின்றான்.

சுத்தியலிடம் திரும்பினேன். "அதுவா விழுந்துச்சு. காவலுக்கு இருந்த என் புருஷன் மேல விழுந்துச்சு. எழுதுங்க."

"அம்மா, உளி பட்ட தடம் இருக்கு..."

அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தலையைக் குனிய வைத்து, உடைந்த தூணுக்குள் அவர் கையைத் திணித்தேன். போலீஸ்காரர் ஒரு அடி வைத்தார். சுற்றி நின்றவர்களின் கையில் இருந்த கற்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"துழாவுங்க. இரும்பு தெரியுதா? காதை வெச்சுக் கேட்டீங்களே, அப்ப என்ன கேட்டுச்சு? இதை நல்லாருக்குன்னு எழுதின கைதானே இது? தானா விழுந்துச்சுன்னு எழுதினீங்கன்னா வேலைக்குத்தான் ஆபத்து. எழுதாம இங்கிருந்து நடந்து பாருங்க."

அவர் எழுதினார். 'தானாக' என்ற சொல்லை அவர் விரலை வைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் காலரை விட்டேன்.

தானாக விழுந்த கட்டடத்துக்கு முதல் வகை தானாகவே கிடைத்தது. நிதி வந்தது. பணியில் இறந்தவரின் மனைவி என்று அவருடைய வேலையையும் எனக்கே கொடுத்தார்கள், இந்த முறை புதுக் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் பகல் காவல். சுத்தியலைத் தூர ஊருக்கு மாற்றினார்கள் என்று கேள்வி. கம்பி போடாமல் கட்டியவனைத் தேடுவதாகச் சொன்னார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. கோபம் என்று ஒன்றும் இல்லை. அவன் காதில் பல்தடம் இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. அவ்வளவுதான்.

புதுக் கட்டடத்துக்குத் தூண் எழுப்பும் நாள் வந்தது. கம்பி கட்டி நிறுத்தி, சுற்றிப் பலகை அடித்து மூடப் போனார்கள். நான் கிட்டே போய் எண்ணினேன். ஆமை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த கணக்கில் இரண்டு கம்பி குறைந்தது.

மேஸ்திரியிடம் சொன்னேன். "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? மூடிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று சிரித்தான்.

கீழே ஒரு துண்டுக் கம்பி கிடந்தது. எடுத்து அவன் வாயிலேயே அடித்தேன். இரண்டாவது அடிக்கு அவன் கையைக் குறுக்கே வைத்தான், கை உடைந்தது. மூன்றாவதற்கு ஓங்கும்போது ஆட்கள் வந்து பிடித்தார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒரு ஆள் மட்டும் விறுவிறுவென்று போய், குவியலிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துக்கொண்டு வந்து, பேசாமல் கட்ட உட்கார்ந்தான்.

நான் அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. அவர் போனதிலிருந்து நான் அழவே இல்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.