மான்கள் படித்த விலைப்பலகை

ஹார்லன் கிராசிங் என்ற மலையடி ஊரின் மான்கள் தோட்டா விலையைப் படிக்கத் தொடங்கியது 1994 செப்டம்பரில், மான் வேட்டைக்கான ‘முப்பது-முப்பது’ ரகத் தோட்டா இருபது அடங்கிய பெட்டி ஒன்பது டாலர் நாற்பத்தொன்பது சென்டிலிருந்து பத்து டாலர் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறிய திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் லின்குவிஸ்ட் தன் கடைவாசலில் கரும்பலகையைத் துடைத்துப் புது விலையை எழுதிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில், தபால் நிலையத்தின் ஓரமாக நின்ற மூன்று மான்கள் அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, படித்துவிட்டு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மலைக்குத் திரும்பின. மறுநாள் ஒரு கூட்டமே கல்லறைத் தோட்டம்வரை இறங்கி வந்து அங்கிருந்த பிளாஸ்டிக் பூக்களை மென்று பார்த்துத் துப்பியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. தோட்டா மலிவாக இருக்கும் காலத்தில் மனிதன் குறி தவறினால் உடனே இரண்டாவது தடவை சுடுவான். விலை ஏறிவிட்டால் ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணம் போதும், மான் வேலியைத் தாண்டிவிடும். பதினைந்து டாலரில் மான்கள் பள்ளி மைதானத்துக்கு வந்தன. 2008 தேர்தல் முடிந்த மறுவாரம் விலை இருபத்திரண்டானபோது கடைத்தெருவில் நடந்தன. 2013-இல் எந்த விலைக்கும் தோட்டா கிடைக்காமல் போனது. ஊர் ஆண்கள் அதற்குமுன் வாங்கிய பெட்டிகளை நிலவறையில் அடுக்கிவிட்டு, காவலுக்கு வீட்டைவிட்டு நகராமல் மீன்பிடிக்கக்கூடப் போகாமல் கிடந்தார்கள். மான்கள் அப்போது முடிதிருத்தகக் கண்ணாடியில் முகம் பார்த்தன. வேட்டைக் காலம் இலையுதிர் காலத்தில் ஐந்து வாரம் மட்டுமே என்று வனத்துறை அதிகாரி வந்து விளக்கினார். மான்கள் நாள்காட்டியை நம்பவில்லை. ஊரில் சில ஆண்களும் நாள்காட்டியை அவ்வளவாக நம்பியதில்லை என்பதால் அதில் தப்புச் சொல்ல முடியாது.

மான்கள் நம்பியது பலகையை மட்டும்தான். அந்த ஊர் ஆண்கள் தோட்டாவை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதில் ஒருநாளும் உண்மை பேசியதில்லை. மனைவியிடம் பயத்தில் குறைத்துச் சொல்வார்கள், நண்பர்களிடம் கெத்துக்காக இன்னும் குறைத்துச் சொல்வார்கள். ஆர்டிஸின் அப்பா குஸ்தாவ் 1961-இல் மாட்டிய பலகை பொய் சொல்லாது. அதில் இரண்டு வரிகள் இருக்கும். மேலே தோட்டா விலை. கீழே உதிர்ந்த கொம்பு, பவுண்டு இத்தனை டாலர் என்று. பனிக்காலக் கடைசியில் மான்கள் உதிர்க்கும் கொம்புகளை மலையில் பொறுக்கி வருகிறவர்களிடம் கடை அவற்றை எடைக்கு வாங்கும், கத்திப்பிடி செய்பவர்களுக்கு விற்கும். இரண்டு வரிகளுக்கும் மேலே, அழிக்க முடியாத வெள்ளைப் பெயின்டில், குஸ்தாவ் எழுதியிருந்தார்: ‘பலகையில் இருப்பதே விலை. விற்றாலும் வாங்கினாலும். யார் வந்தாலும்.’ ஒருமுறை அவரே புள்ளியை இடம் மாற்றி வைத்து, நான்கு டாலர் எண்பது சென்ட் பெட்டியை நாற்பத்தெட்டு சென்ட் என்று எழுதிவிட்டார். அழிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு அந்தப் பனிக்காலம் முழுவதும் குடும்பத்தோடு உருளைக்கிழங்கே தின்றார். உருளைக்கிழங்கு தின்ற பிள்ளைகளில் மூத்தவள் ஆர்டிஸ், இளையவன் வெண்டல்.

2021 மார்ச்சில் முப்பது-முப்பது பெட்டி ஐம்பத்து நான்கு டாலர் தொண்ணூற்றொன்பது. மான்கள் வெண்டலின் ஆப்பிள் தோட்டத்துக்குக் குடிவந்தன. வெண்டல் மரம் ஏற்றும் தன் மூன்று லாரிகளையும் விற்று அறுநூறு கன்று நட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் வந்து கல்லாமேல் முழங்கையை ஊன்றினான்.

“அக்கா, இருநூறு கன்னு போச்சு. தின்னுட்டுப் போனாக்கூடப் பரவாயில்ல, தின்னுட்டு அங்கேயே படுத்துத் தூங்குதுங்க. நான்தான் போய் எழுப்பி அனுப்பிட்டிருக்கேன்.”

“நாய் வாங்கினியே, அது என்ன பண்ணுது?”

“அதுவும் அதுங்க பக்கத்துலயே படுத்துத் தூங்குது.”

ஆர்டிஸ் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

“எட்டு டாலர் தொண்ணூத்தொம்பதுன்னு ஒரே ஒரு தடவை எழுதேன். பாத்துட்டு அப்படியே மலை ஏறிடும்.”

“எழுதினா அந்த விலைக்குக் கொடுக்கணும்டா.”

“ஊர்ல ஒருத்தனும் கேக்க மாட்டான். எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். நாளைக்குக் கடை லீவு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு முன்னாடி துடைச்சுடு.”

“அப்பா மேல எழுதி வெச்சிருக்கார், பாத்தியா?”

“அப்பா போய் இருபது வருஷமாச்சு. கன்னு இன்னிக்குச் சாகுது, அக்கா.”

சொல்லிவிட்டு அழுதான். ஐம்பத்திரண்டு வயசு ஆள், லாரியில் கை நசுங்கியபோதுகூட அழாதவன். ஆர்டிஸால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடைக்கு வந்து முப்பத்தொரு வருஷத்தில் முதல் பொய்யை, கையெழுத்து கோணாமல், எட்டு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட் என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மான்கள் வந்தன. ‘ஜட்ஜ்’ என்று ஊர் பெயர் வைத்திருந்த காது கிழிந்த கிழட்டு ஆண்மான் முன்னால் நின்றது. எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகே தலையசைக்கும் என்பதால் அந்தப் பெயர். இரண்டு தடவை பார்த்தது, தலையசைத்தது. சர்ச் முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் ஊரில் ஒரு மான் இல்லை. வெண்டல் தோட்டத்தில் விசில் அடித்துக்கொண்டு திரிந்தான், ஊர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது. ஆர்டிஸுக்கு மட்டும் அன்று முழுக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. எதிர்ப்பட்டவர்கள் கண்ணடித்தபோது அவள் திருப்பிக் கண்ணடிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஈரத்துணியோடு கதவைத் திறந்தாள். கடைவாசலிலிருந்து தபால் நிலையம் தாண்டித் தீயணைப்பு நிலையம்வரை மான்கள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கொம்பு. ஜட்ஜ் முதலில் நின்றது. அவை மேல் வரியை மட்டும்தான் படிக்கின்றன என்று இத்தனை வருஷம் ஊர் நினைத்திருந்தது தப்பு. கொம்பு பவுண்டு பன்னிரண்டு டாலர் என்ற கீழ் வரியையும் சேர்த்தே படித்திருக்கின்றன.

வெண்டல் லாரி ஹார்ன்போலக் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

“துடை அக்கா! இன்னும் எட்டு ஆகல, துடைச்சுடு!”

“வரிசையில வந்து நின்னாச்சேடா.”

“அதுங்க மான்! யார் வந்தாலும்னு அப்பா மனுஷங்களைத்தான் சொன்னார்!”

“மனுஷங்கன்னு எழுதலையே.”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தராசை எடுத்தாள். ஜட்ஜின் கொம்பு சரியாக மூன்று பவுண்டு, முப்பத்தாறு டாலர். நான்கு பெட்டிக்கு முப்பத்தைந்து டாலர் தொண்ணூற்றாறு சென்ட். மீதி நான்கு சென்டைக் கல்லாமேல் வைத்தாள். ஜட்ஜ் அதை நாக்கால் வழித்து எடுத்துக்கொண்டு, பெட்டிகளைக் கட்டிய கயிற்றைக் கவ்விக்கொண்டு படி இறங்கியது. மத்தியானத்துக்குள் கடையிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளும் மலை ஏறிவிட்டன. கொம்புக் குவியலுக்கு நடுவில் ஆர்டிஸ் உட்கார்ந்துகொண்டாள். ஐம்பத்து நான்கு டாலர் சரக்கு ஒன்பது டாலருக்குப் போன வயிற்றெரிச்சல் இருந்தது. ஆனால் முந்தின நாள் முழுக்க உறுத்திய சட்டை இப்போது சரியாக இருந்தது. பலகையில் அவள் எழுதியது இப்போது பொய்யில்லை. எழுந்து போய் அதைத் துடைத்துவிட்டு ‘தோட்டா இல்லை’ என்று எழுதினாள்.

கடையில் ஒரு தோட்டா கிடையாது, இனி மான்களுக்கு என்ன பயம்? வெண்டல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் காவல் நின்றான். செவ்வாய்க்கிழமை ஒரு மானும் வரவில்லை. புதன்கிழமை நாய்கூட எழுந்து நின்று தேடியது. வியாழக்கிழமை அக்காவும் தம்பியும் மலைமேல் ஏறிப் பார்த்தார்கள். ஃபிர் மரங்களுக்கு அடியில் ஒவ்வொரு மானும் தன் பெட்டிகளின்மேல் படுத்துக்கொண்டு, பக்கத்து மானை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸுக்கு அந்தப் பார்வை பழக்கம். 2013-இல் நிலவறைக்குக் காவல் கிடந்த ஆண்கள் மனைவியையே அப்படித்தான் பார்த்தார்கள்.

“இனிமே நகராதுங்க,” என்றாள். “சரக்கு சேர்த்தாச்சு, இல்ல? வீட்டை விட்டு எப்படி வரும்?”

அப்படியே ஆயிற்று. கடைக்குப் புதுச் சரக்கு வந்து பலகையில் மறுபடி விலை ஏறியது. திங்கட்கிழமை காலையில் மட்டும் முறைவைத்து ஒரு மான் இறங்கி வந்து, விலை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்பியது. ஐம்பத்தொன்பதைத் தொட்டபோது மலையில் ஒரே கும்மாளம், ஆனால் ஒரு மானும் விற்க வரவில்லை. பிறகு விலை நாற்பத்தைந்தானது, முப்பத்தாறானது. மான்கள் மெலிந்தன. ஊர் ஆண்களுக்கு அவற்றின்மேல் முதல் தடவையாக அனுதாபம் வந்தது. மிஞ்சிய நானூறு கன்றுகளும் நிம்மதியாக மரமாகி 2023 செப்டம்பரில் காய்த்தன. முதல் விளைச்சல் முழுவதையும் வெண்டல் அக்கா கடையில் கொண்டுவந்து கொட்டினான். பலகையில் மூன்றாவது வரி ஏறியது: ஆப்பிள், பவுண்டு இரண்டு டாலர்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, தோட்டாப் பெட்டி இருபத்தேழு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட் என்று எழுதிவிட்டு ஆர்டிஸ் திரும்பியபோது, ஜட்ஜ் ஒரு பெட்டியைக் கவ்விக்கொண்டு உள்ளே வந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்ற வெண்டலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஐம்பத்தொம்பது வித்தப்போ என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க? ஏறும் ஏறும்னு பாத்தீங்களாக்கும்?”

ஜட்ஜ் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் பலகையின் மூன்றாவது வரியை இரண்டு தடவை பார்த்தது. ஆர்டிஸ் பதினான்கு பவுண்டு ஆப்பிளை நிறுத்துச் சாக்கில் போட்டாள்.

“இருபத்தெட்டு டாலர் ஆச்சு. ஒரு சென்ட் குறையுது,” என்றாள், யாரிடம் சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

“போனாப் போகுது, விடு அக்கா,” என்றான் வெண்டல்.

அதற்குள் ஜட்ஜ் தலையைக் குனிந்து, நாக்கடியிலிருந்து ஒரு சென்ட் காசைக் கல்லாமேல் துப்பியது. ஆர்டிஸ் அதைத் துடைத்துக் கல்லாவில் போட்டுக்கொண்டாள். மீதி மூன்று சென்ட் இன்னும் அதனிடம்தான் இருக்கிறது.