டைரக்டர் ஐயாவின் இரண்டு கதிரைகள்

விடியுமுன்னே பன்வில மலையில் மழை வேலைக்கு வந்துவிடும். பெண்கள் அதற்குப் பின்னால்தான். இடுப்பில் ஈரப் படங்குத் துணி, முதுகில் கூடை, விரலிடுக்கில் அட்டைப்பூச்சி. ராக்கம்மாவுக்கு ஒரு கண் தேயிலைக் கொழுந்தில், மறு கண் கீழே லயத்து வரிசை வீடுகளில். அவள் வீட்டின் பின்னே மண்மேடு வெடித்திருந்தது. உள்ளே மகள் கலாராணி, நிறைமாதம்.

சாமான்யமான வெடிப்பல்ல. அதில் விழுந்த கோழி அடுத்த தோட்டத்தில் வெளிப்பட்டு முட்டையிட்டது. முட்டையை நானே பார்த்தேன்.

ஃபெக்டரிக்குப் பக்கத்தில் சமதரை சும்மா கிடந்தது. அங்கே எங்களை மாற்றச் சொன்னோம். அரசாங்கம் கேட்டால் தருவோம் என்றது கம்பனி. அரசாங்கமும் மண்சரிவுக் குடியேற்றச் சபை என்று ஒன்றை அமைத்து, அனுபவசாலி வேண்டுமென்று எங்கள் கம்பனி டைரக்டரையே தலைவராகப் போட்டது. கம்பனிக் கதிரையையும் அவர் விடவில்லை.

சபைத் தலைவர் உடனே கம்பனி டைரக்டருக்குப் போன் போட்டார். லைன் பிஸி. அவரேதான் பேசிக்கொண்டிருந்தார், பிஸியாக இல்லாமல் என்ன செய்யும்?

ஒருநாள் வெடிப்பைப் பார்க்க நேரிலேயே வந்தார். தொழிற்சங்கத் தலைவர் ஜெயராஜ் சபையின் முடிவைக் கேட்டார்.

"நிலத்தைத் தரும்படி கம்பனியைக் கேட்டிருக்கிறோம்."

"கம்பனி என்னாங்க சொல்லுது?"

"அங்கே ஹோட்டல் கட்டப்போகிறோம். தர இயலாது."

"அப்ப சபை கம்பனி மேல நடவடிக்கை எடுக்கட்டும்" என்றாள் ராக்கம்மா.

"எடுத்தால் கம்பனி மேன்முறையீடு செய்யும்."

"யாருகிட்டங்க?"

"சபைத் தலைவரிடம்."

டைரக்டரின் முகத்தில் சிரிப்பே இல்லை. எங்களுக்கும் வரவில்லை.

அவருடைய வாகனம் போன அன்று மாலையே மேடு இறங்கியது. ராக்கம்மாவின் அடுப்பு மண்ணுக்குள் போய்விட்டது. கலாராணியைக் கட்டிலோடு தூக்கி வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. வேறு போக்கிடம் இல்லை. மிச்ச வீடுகளும் அதே மேட்டின் கீழேதான்.

மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. லயத்து வாசலில் சாவுத் தப்பு மேளம் முழங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் தோட்டத்தில் யாரும் வேலைக்கு மலையேறுவதில்லை. வெள்ளைக்காரத் தொரைகளே கைவைக்காத வழக்கம். மனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்து, செத்தது யார் என்றார்.

"இன்னும் யாரும் சாகலைங்க," என்றாள் ராக்கம்மா. "செத்த பொறகு அடிச்சா எங்களுக்குக் கேக்காது. அதான் உசிரோட இருக்கறப்பவே அடிக்கிறோம்."

சட்டிபானையும் தகரமுமாக எல்லா வீடும் சமதரைக்கு ஏறியது. கலாராணியின் கட்டிலை முறைவைத்துச் சுமந்தார்கள். மழை விடவில்லை. படங்குகளை ஒன்றோடொன்று முடிந்து அவளுக்குக் கூரை போட்டோம். பொலிஸ் ஜீப் வளைவில் உறுமிக்கொண்டு ஏறியது. ஜெயராஜ் பாதையின் நடுவே போய் உட்கார்ந்தார், பக்கத்தில் ராக்கம்மா, பிறகு எண்ண முடியாதபடி எல்லாரும்.

அப்போது பள்ளத்துக்கு அப்பால், அடுத்த தோட்டத்திலும் சாவுத் தப்பு அடிக்கத் தொடங்கியது.

அங்கேயும் யாரும் சாகவில்லை.